புதையல் தீவா, நான்டீடெயிலா? மலைப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர எது உதவும்?

கோத்தகிரி_மாலைவகுப்பு
கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மாலை வகுப்பு எடுக்கிறேன். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேர். பாதிப் பேர் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளைகள், மீதி பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வருகிறவர்கள். ஜூனில் 'ட்ரெஷர் ஐலண்ட்' (புதையல் தீவு) எடுத்தோம். பள்ளியில் நான்டீடெயில் என்று துணைப்பாடமாக வைக்கும் சுருக்கப் பதிப்பு இல்லை, ஸ்டீவன்சன் எழுதி 1883-இல் புத்தகமாக வந்ததே தான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. இப்போது அக்டோபர், பதினோராவது அத்தியாயத்தில் நிற்கிறோம்.

போன வாரம் ஒரு அப்பா வந்து, "பாட்டன் காலத்துக் கதையை எதுக்கு மிஸ் படிக்க வைக்கிறீங்க, பரிட்சைக்கு வருமா?" என்று கேட்டார். பரிட்சைக்கு வராது. ஆனால் அதற்கு முந்தின நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஜிம் என்ற பையன் ஆப்பிள் எடுக்கப் பீப்பாய்க்குள் இறங்குகிறான். அந்த நேரம் பார்த்துக் கப்பல் சமையல்காரன் சில்வர் வந்து பீப்பாயில் சாய்ந்துகொண்டு சதித்திட்டம் பேச ஆரம்பிக்கிறான். எங்களுக்குக் கரண்ட் போய்விட்டது. டார்ச் வெளிச்சத்தில் வாசித்தேன். ஆறரை மணி தாண்டியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வாயே திறக்காத ஒரு பிள்ளை, "மிஸ், அவன் தும்மிட்டா?" என்றாள்.

எந்தப் பாடப்புத்தகத்தில் இப்படி நடந்திருக்கிறது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தாண்டிக்குடி_வாத்தியார்
டீச்சர், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் புத்தகத்தில் மொத்தம் 34 அத்தியாயம். ஐந்து மாதத்தில் பதினொன்று என்றால் முடிக்க ஒன்றேகால் வருடம் ஆகும். ஒன்பதாவது பிள்ளை பத்தாவது பாதி தாண்டினால்தான் புதையல் கிடைக்கும்.

கீழ்ப்பழனியில் அரசுப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக இங்கிலீஷ் எடுக்கிறேன். கதை நல்ல கதைதான், அதில் சண்டை இல்லை. சொற்கணக்குத்தான் பிரச்சினை. பால் நேஷன் என்ற ஆய்வாளர் 2006-இல் ஒரு கணக்குச் சொன்னார். யார் உதவியும் இல்லாமல் ஒரு நாவல் புரிய வேண்டுமானால் நூற்றுக்கு 98 சொல் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பம் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) கையில் இருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஆயிரம் தேறினாலே பெரிய விஷயம். ஸ்கூனர், கேப்ஸ்டன், காக்ஸ்வைன், எல்லாம் கப்பல் சொற்கள். கொடைக்கானல் ஏரியில் போட் ஓட்டுகிறவரிடமே கேட்டுப் பாருங்கள், தெரியாது.

இன்னும் நாலு அத்தியாயம் போனால், தீவில் தனியாக விடப்பட்ட பென் கன் வருவான். "இஃப் யூ வாஸ் சென்ட் பை லாங் ஜான்" என்பான், லாங் ஜான் என்பது சில்வர்தான். 'யூ வேர்' என்று மண்டையில் ஏற்ற நான் ஒரு டெர்ம் உழைக்கிறேன். உங்கள் பிள்ளை 'யூ வாஸ்' என்று பேப்பரில் எழுதினால் யார் மார்க் போடுவார்?

சுருக்கப் பதிப்பு என்றாலே மட்டமான சரக்கு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலக் கல்வியாளர் டாக்காவில் வேலை பார்த்த காலத்தில், 1920-களில், வங்காளத்துப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்துத்தான் சொற்களை எண்ணி அளந்து நியூ மெத்தட் ரீடர்ஸ் என்ற எளிய வாசிப்புப் புத்தகங்களை எழுதினார். நம்மைப் போன்ற பிள்ளைகளுக்காகவே வந்த வழி அது. இப்போது அரசு வாசிப்பு இயக்கத்தில் தமிழுக்கே நுழை, நட, ஓடு, பற என்று படி வைத்துத்தான் புத்தகம் தருகிறார்கள். தாய்மொழிக்கே படி வேண்டும் என்றால், இங்கிலீஷுக்கு எடுத்த எடுப்பில் 'பற'வா?

குன்னூர்_மினிபஸ்
நான் படிச்சவன் இல்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. என் பொண்ணு ஒன்பதாவது. டூரிஸ்ட் ஒருத்தர் டால்ஃபின்ஸ் நோஸ் எவ்வளவு தூரம்னு இங்கிலீஷில் கேட்டார். பொண்ணுக்குத் தெரியும், வாய் வரலை. கொள்ளைக்காரன் கதை அதுக்கு உதவுமா?

கோத்தகிரி_மாலைவகுப்பு
சார், சொற்கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நேஷன் சொன்னது தனியாக உட்கார்ந்து வாசிக்கிறவனுக்கு. இங்கே நான் சத்தமாக வாசிக்கிறேன், நடுநடுவே தமிழில் பேசிக்கொள்கிறோம். கேப்ஸ்டனை நான் விளக்கவே இல்லை, தாண்டிவிட்டேன். கதை அதற்காக நிற்கவில்லை.

'யூ வாஸ்' பற்றி: ஜிம் கதை சொல்லும் இங்கிலீஷ் ஒன்று, கொள்ளைக்காரர்கள் பேசும் இங்கிலீஷ் வேறு. எங்கள் கணக்குப்பிள்ளை பேசும் தமிழும் பாடப்புத்தகத் தமிழும் ஒன்றா? பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். இங்கிலீஷுக்கும் அப்படி இரண்டு முகம் உண்டு என்பதுதான் அவர்களுக்குப் புதுசு.

அப்புறம் அந்த வரைபடம். 1881-இல் ஸ்காட்லாந்தில் பிரேமார் என்ற ஊரில், மழைக்கு வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, மனைவியின் மகன் லாய்டோடு சேர்ந்து ஸ்டீவன்சன் ஒரு தீவுப் படம் வரைந்தார். அந்தப் படத்திலிருந்து பிறந்ததுதான் கதை. இதைச் சொன்னதும் ஒரு பையன், "இங்கயும் மழைதான மிஸ்" என்றான். எஸ்டேட் படம் வரைந்தோம். ஃபேக்டரி, லைன், மாரியம்மன் கோயில், காட்டுமாடு நிற்கும் சரிவு. ஒரு மூலையில் 'ஹியர் பியர் கம் நைட்' என்று எழுதியிருந்தான். திருத்தினோம். கரடி எந்த வழியாக வரும் என்பது அவனுக்குத்தான் தெரியும், அதனால் திருத்தத்தையும் கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

கூடலூர்_வாசகி
அக்கா, ட்ரெஷர் ஐலண்ட் வரைக்கும் சரி. ஆனால் "சாகச நாவல்" என்றால் அடுத்து எல்லோரும் எடுப்பது ராபின்சன் குரூசோ. அங்கேதான் எனக்கு நெருடுகிறது.

1719-இல் டெஃபோ எழுதியது. குரூசோவின் கப்பல் உடைந்ததே அடிமை பிடிக்க ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்குப் போகும் வழியில்தான். அதற்கு முன்னால், தன்னோடு தப்பி வந்த சூரி என்ற பையனை 60 வெள்ளிக்காசுக்கு ஒரு கப்பல் கேப்டனிடம் கொடுத்துவிடுகிறான். அப்புறம் தீவில் ஒருவனைக் காப்பாற்றி இங்கிலீஷ் சொல்லித் தருகிறான். முதல் பாடம் என்ன தெரியுமா? "உன் பெயர் ஃப்ரைடே." அடுத்தது, "என்னை மாஸ்டர் என்று கூப்பிடு." அதற்குப் பிறகுதான் யெஸ், நோ.

மேனேஜரை இன்னும் தொரை என்று கூப்பிடுகிற லைனில் பிறந்தவள் நான். எங்கள் தாத்தா 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து தேயிலையில் சேர்ந்தவர். அந்தப் பக்கத்தை என் தம்பிக்கு இங்கிலீஷ் பாடமாக எப்படிக் கொடுப்பது?

தாண்டிக்குடி_வாத்தியார்
இதற்குத்தான் சுருக்கப் பதிப்பு என்கிறேன். அந்த மாதிரி இடங்களை எடுத்துவிடுவார்கள்.

கூடலூர்_வாசகி
எடுத்துவிடுவதுதான் சார் இன்னும் மோசம். எட்டாவதில் நான் படித்த சுருக்கத்தில் சூரியை விற்றது இல்லவே இல்லை. குரூசோ நல்லவன், ஃப்ரைடே விசுவாசி, கேரக்டர் ஸ்கெட்ச் எழுது, ஐந்து மார்க். நானும் மனப்பாடம் பண்ணி நாலரை வாங்கினேன். காலேஜில் மூலத்தைப் படித்தபோதுதான், என்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

கோத்தகிரி_மாலைவகுப்பு
குரூசோவை முழுதாக எடுக்கவில்லை. நீங்கள் சொன்ன அந்த ஒரு பக்கத்தை மட்டும் போன வருடம் வாசித்தோம். ஒரு பையன், "அவனுக்கு முன்னாடி ஒரு பேர் இருந்திருக்கும்ல மிஸ்?" என்றான். புத்தகத்தில் அது எங்கேயும் இல்லை. ஆளுக்கொரு பேர் வைத்து, 'மை நேம் இஸ் நாட் ஃப்ரைடே' என்று தொடங்கி ஐந்து வரி எழுதினார்கள். அந்த நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. எழுத்துப்பிழை நிறைய, கோபம் அதைவிட நிறைய.

ஹட்டிப்_பெண்
வீட்டில் படுகு மொழி, பள்ளியில் தமிழ், மூன்றாவதாக இங்கிலீஷ். எனக்குக் கஷ்டமாக இருந்தது சொல் இல்லை, எல்லாரும் சிரிப்பார்களோ என்ற பயம். கதை வாசித்தால் அந்தப் பயம் கொஞ்சம் மறக்கும். மூலமா சுருக்கமா என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

தாண்டிக்குடி_வாத்தியார்
சரி, மூலம் மூலம் என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. 'எண்பது நாளில் உலகம்' எல்லோர் பட்டியலிலும் இருக்கும். ஜூல்ஸ் வெர்ன் அதை எழுதியது பிரெஞ்சில். நாம் படிக்கும் இங்கிலீஷே மொழிபெயர்ப்பு. அங்கே எந்த மூலத்தைக் காப்பாற்றுகிறோம்? மொழிபெயர்க்கலாம், ஆனால் எளிமைப்படுத்தக் கூடாதா?

ஆனாலும் அந்தக் கதையில் நம் இந்தியா வருவதால் பிள்ளைகள் ஒட்டிக்கொள்வார்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். ரயில் பாதை பாதியில் நின்றுபோக, கதாநாயகர் ஃபாக் 2000 பவுண்டு கொடுத்து ஒரு யானை வாங்குவார்.

கூடலூர்_வாசகி
2000 பவுண்டா! எங்கள் ஊரில் கூப்பிடாமலே வாசலுக்கு வருகிறது.

தாண்டிக்குடி_வாத்தியார்
:) நல்ல கேள்வி எதற்கும் பதில் வராது போல. என் வகுப்பில் 46 பேர், டீச்சருக்குப் பதினோரு பேர். டார்ச் வெளிச்சத்தில் 46 பேரை உட்கார வைக்க முடியாது. சிலபஸ் முடிக்கவில்லை என்றால் ஆய்வுக்கு வருகிறவர் என்னைத்தான் கேட்பார்.

கோத்தகிரி_மாலைவகுப்பு
அந்த 46-க்கு என்னிடம் பதில் இல்லை சார், நிஜமாகவே. எளிமைப்படுத்தக் கூடாது என்று நான் சொல்லவும் இல்லை. கப்பல் ஓட்டும் அத்தியாயங்களுக்கு எளிய பதிப்பையே எடுக்கப் போகிறேன். பீப்பாய் அத்தியாயத்தை மட்டும் தொட விடமாட்டேன்.

தாண்டிக்குடி_வாத்தியார்
அந்த ஒரு அத்தியாயத்தை வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஒன்பது 'பி'யில் வாசித்துப் பார்க்கிறேன். தூங்கினார்கள் என்றால் இங்கேயே வந்து எழுதுவேன்.

குன்னூர்_மினிபஸ்
என் கேள்வியை எல்லாரும் மறந்துட்டீங்க.

கோத்தகிரி_மாலைவகுப்பு
மறக்கவில்லை அண்ணே, பதில் தெரியாமல் தள்ளிப்போட்டேன். வாசித்தால் மட்டும் வாய் வராது. வாசித்த பிறகு நாங்கள் ஒரு பத்து நிமிடம் நடித்துப் பார்ப்போம். சில்வருக்கு வழி சொல்ல வேண்டும், எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று. டால்ஃபின்ஸ் நோஸுக்கும் அதே கேள்விதானே. பொண்ணைச் சனிக்கிழமை அனுப்புங்கள்.

குன்னூர்_மினிபஸ்
பத்து நிமிஷம் பத்தாது. அரை மணி நேரம்னா கூட்டிட்டு வரேன்.

கோத்தகிரி_மாலைவகுப்பு
சரி, அரை மணி நேரம். காலை பத்து மணிக்கு, ஃபேக்டரிக்குப் பின்னால் உள்ள ஷெட்டில். ஸ்வெட்டர் போட்டு அனுப்புங்கள், அங்கே குளிர் ஜாஸ்தி.