பின்வீல் இழுக்கும் வேனுக்கு டயர் சங்கிலி போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அண்ணன்மார், தம்பிமார், ஒரு விஷயம் கேட்கவேண்டும். எங்களிடம் பழைய டொல்பின் வேன் (டொயோட்டா ஹையேஸ்) ஒன்று இருக்கிறது. பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டிலும் கேஸ் அடுப்பும் வைத்துப் படுத்து எழும்பிப் போகிற மாதிரி ஆக்கியிருக்கிறோம். வண்டி நல்ல வண்டிதான். ஆனால் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில், இழுப்பதோ பின்வீல். சாமான் ஏற்றாவிட்டால் பின்பக்கம் பாரமே இருக்காது.

போன கிழமை மழைக்குப் பிறகு நுவரெலியாவுக்குக் கிட்ட, கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஏற்றத்தில் மாட்டிக்கொண்டோம். பின்வீல் நின்ற இடத்திலேயே சுற்றி, சேற்றை வாரி என் மனைவியின் புதுச் சால்வையில் அடித்தது. அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

இதைக் கேட்டுவிட்டுக் கனடாவில் இருக்கும் மச்சான் பனிக்குப் போடும் டயர் சங்கிலி ஒரு சோடி அனுப்பியிருக்கிறார். இழுக்கிற வீலுக்குத்தான் போடவேண்டும், 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்கிறார். சரி, அங்கே பனி. நுவரெலியாவில் தை மாதம் விடியற்காலையில் உறைபனியில் புல் வெளுக்கும், அவ்வளவுதான்.

சேற்றிலும் கல்லிலும் இது பிடிக்குமா? தார் ரோட்டுக்கு வந்ததும் கழற்றாவிட்டால் டயரும் ரோடும் கெடும் என்பது தெரியும். என் பயம் இறக்கத்தில்தான். பின்னுக்கு மட்டும் சங்கிலி இருந்தால் முன்வீல் வழுக்கி, ஸ்டியரிங் திருப்பினாலும் நேரே போய்விடாதா? அப்புறம், உள்பக்கம் பிரேக் பைப்பில் உரசுமா? இல்லை, பேசாமல் மண்மூட்டை இரண்டைப் பின்னால் போட்டு, சேற்றில் பிடிக்கிற மாதிரி கட்டை கட்டையாக இருக்கும் நல்ல பட்டன் டயர் மாற்றுவதுதான் புத்தியா?