படையிலிருந்து வந்த தம்பி கல்லூரியில் சேர்கிறான்: ஜி.ஐ. பில் தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்

தேன்மொழி:
என் தம்பி அமெரிக்க ராணுவத்தில் ஐந்து ஆண்டுகள் வாகன மெக்கானிக்காக இருந்துவிட்டு நற்சான்றுடன் வெளியே வந்திருக்கிறான். ஆகஸ்டில் மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் சேர்கிறான். முன்னாள் படைவீரர்களின் படிப்புக்கு அமெரிக்க அரசு பணம் தரும் ஜி.ஐ. பில் திட்டம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்கிறான். ஆனால் கணக்குப் பாடம் விட்டுப்போய் வெகு காலம் ஆகிறது, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நடுவே உட்காரவும் கூச்சப்படுகிறான். முதல் பருவத்தில் இரண்டே பாடம் எடுத்தால் போதுமா?

கடலோடி:
சகோதரி, நானும் கடற்படையில் இருந்துவிட்டுப் படிக்கப் போனவன்தான். இப்போது ஒரு கல்லூரியில் முன்னாள் படைவீரர் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

இரண்டு பாடம் என்றால் பெரும்பாலும் ஆறு கிரெடிட், அதாவது பாடச்சுமையை அளக்கும் அலகு. அங்கேதான் சிக்கல். பாதிச் சுமைக்கு மேல் படித்தால் மட்டுமே ஜி.ஐ. பில் மாதாமாதம் தரும் வாடகைப்படி கிடைக்கும். பன்னிரண்டு கிரெடிட் முழுநேரம் என்று வைத்துக்கொண்டால், ஆறுக்கு ஒரு டாலர்கூட வராது. ஏழு எடுத்தால் அறுபது சதவீதம் வரும். எல்லாப் பாடமும் இணையவழி என்றாலும் படி வெகுவாகக் குறைந்துவிடும், ஒரு பாடமாவது நேரில் படிக்கட்டும்.

கணக்குக்குப் பயந்து, பழைய பாடத்தைத் திரும்பப் படிப்பதில் ஜி.ஐ. பில்லின் மாதங்களைச் செலவழிக்க வேண்டாம். மொத்தமே 36 மாதங்கள், ஒன்பது மாதக் கல்வியாண்டாகப் பார்த்தால் நான்கு ஆண்டுகள். ஆகஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது, இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் இப்போதே வீட்டில் தூசி தட்டி எடுக்கச் சொல்லுங்கள். 2013 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு படையை விட்டவர்களுக்கு இந்தச் சலுகை காலாவதியாவதில்லை, ஆகவே அவசரமும் இல்லை.

பாடங்களைப் பதிவு செய்யும் முன், சேர்க்கையை முன்னாள் படைவீரர் துறைக்குச் சான்றளித்து அனுப்பும் கல்லூரி அலுவலரை அவன் நேரில் பார்த்தாக வேண்டும். பட்டத்துக்குத் தேவையான பாடங்களுக்கு மட்டுமே துறை பணம் தரும். ஆசைக்கு எடுத்த பாடத்தின் கட்டணம் மாணவர் தலையில் விழுந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன், மனம் கனத்துப்போகும். போகும்போது ஜி.ஐ. பில் தகுதிச் சான்றையும், படையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான டிடி-214 படிவத்தையும் கையில் வைத்திருக்கட்டும். ஜே.எஸ்.டி. என்ற படைப் பயிற்சிப் பட்டியலையும் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லட்டும். அதில் எந்தப் பயிற்சியைக் கிரெடிட்டாக ஏற்பது என்பது கல்லூரியின் முடிவு, ஆனால் கேட்காவிட்டால் எதுவும் கிடைக்காது.

மலர்விழி:
என் கணவர் படித்த அனுபவத்தில் சொல்கிறேன். வாடகைப்படி மாதம் முடிந்த பிறகுதான் வரும், அதுவும் வகுப்பு நடந்த நாட்களுக்கு மட்டும். ஆகஸ்ட் 24 அன்று வகுப்பு தொடங்கினால் செப்டம்பரில் கையில் கிடைப்பது சுமார் ஒரு வாரப் பணம்தான். டிசம்பர் விடுமுறைக்கும் படி கிடையாது, ஜனவரி வாடகைக்குச் சேர்த்து வைத்தே ஆக வேண்டும். வகுப்பில் இருப்பதாக மாதாமாதம் உறுதி செய்யவும் வேண்டும், தொடர்ந்து இரண்டு மாதம் உறுதி செய்யத் தவறினால் படி நின்றுவிடும். புத்தகங்களுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 1,000 டாலர் தனியாக உண்டு.

தேன்மொழி:
இருவருக்கும் மிக்க நன்றி. ஆறு கிரெடிட் விஷயம் எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. இன்னொன்று, பணியில் இருந்தபோது அவன் முழங்காலில் அடிபட்டது. அதற்கான மருத்துவப் பதிவும் இருக்கிறது. படிப்புக்கு அது உதவுமா?

கடலோடி:
உதவலாம். பணியால் வந்த குறைபாடு என்று துறை மதிப்பிட்டால், தொழில் மறுவாழ்வுத் திட்டத்துக்கு அவன் விண்ணப்பிக்க முடியும். தகுதி பெற்றால் கட்டணம், புத்தகம், கருவிகள்வரை அதிலேயே அடங்கும், படிப்புத் திட்டத்தை வகுக்கத் தனி ஆலோசகரும் உண்டு. ஜி.ஐ. பில்லைத் தொடுவதற்கு முன்பே அந்த ஆலோசகரிடம் பேசிவிடட்டும். வகுப்பில் கூச்சப்படுகிறான் என்றீர்கள். பெரும்பாலான வளாகங்களில் முன்னாள் படைவீரர் மாணவர்கள் கூடும் அறை இருக்கும், முதல் வாரமே அங்கே போய் உட்காரச் சொல்லுங்கள். கால்குலஸ் வகுப்பை முடித்த யாராவது அங்கே நிச்சயம் இருப்பார்கள், தயங்காமல் கேட்கட்டும்.