நேரில் போய் அப்படி என்ன பார்த்தீங்க?

“கொடுத்து வைத்தவர் சார் நீங்க, எல்லாத்தையும் நேர்லயே பார்த்திருப்பீங்க” என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஒலிம்பிக்குக்குப் போகிற செய்தியாளன் அதிகம் பார்ப்பது மீடியா பஸ் ஜன்னலையும் லேப்டாப் திரையையும்தான். பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்தால் ஈட்டி எங்கே விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. மேசையில் இருக்கும் சின்ன டிவியைப் பார்த்துத்தான் தூரத்தை எழுதுவோம். அதே படத்தை நீங்கள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு, இன்னும் பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் எதற்குப் போகிறோம்? என்னைக் கேட்டால், மிக்ஸ்டு ஜோனுக்காக. போட்டி முடித்து வீரர்கள் உள்ளே போகும் வழியில் நெடுக ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். ஒளிபரப்பு உரிமை வாங்கிய டிவிக்காரர்களுக்கு முதல் மரியாதை, எழுதுகிறவர்கள் கடைசி. தங்கம் வென்றவர் எங்களிடம் வந்து சேர்வதற்குள் ஒரே பதிலைப் பத்து இடத்தில் சொல்லிச் சோர்ந்திருப்பார். தோற்றவர் சீக்கிரம் வந்துவிடுவார். அவரை வழியில் யாரும் நிறுத்துவதில்லை.

நான் சொல்ல வந்தது 2021 ஆகஸ்ட் 1 இரவு. பெயர் என்னவோ டோக்கியோ 2020, நடந்தது அடுத்த வருடம். கொரோனாவால் மைதானத்தில் பார்வையாளர்களே கிடையாது. எங்களுக்கு உமிழ்நீர்ப் பரிசோதனை, போன புதிதில் ஹோட்டலை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் 15 நிமிடத்தில் திரும்பிவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு. காவலாளி நேரத்தைக் குறித்துக்கொள்வார். மிக்ஸ்டு ஜோனில்கூட வீரருக்கும் நமக்கும் நடுவே 2 மீட்டர் இடைவெளி, எல்லார் முகத்திலும் மாஸ்க்.

அன்று ஆண்கள் உயரம் தாண்டுதல் இறுதிச்சுற்று. கத்தாரின் பர்ஷிமும் இத்தாலியின் தாம்பேரியும் 2.37 மீட்டர் வரை ஒரு தவறும் இல்லாமல் வந்து, 2.39இல் மும்மூன்று முறை தவறினார்கள். இன்னொரு முறை தாண்டி முடிவு செய்யலாம் என்று அதிகாரி விளக்க ஆரம்பித்தார். இரண்டு தங்கம் தர முடியுமா என்று பர்ஷிம் கேட்டார். முடியும் என்றார் அதிகாரி, இருவரும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அப்புறம் நடந்ததை உலகமே பார்த்தது. அதே 2.37ஐத் தாண்டிய பெலாரஸின் நெதசெகாவ், முந்தைய தவறுகளின் கணக்கில் வெண்கலத்தோடு நின்றார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று குறித்துவைத்தேன். நான்காவது, தென்கொரியாவின் வூ சாங்-ஹ்யோக், 2.35. அவருக்கும் ஒரு கேள்வி தயார் செய்திருந்தேன்: “இவ்வளவு பக்கத்தில் வந்து பதக்கம் போய்விட்டதே?”

அதற்குள் 100 மீட்டர் இறுதி ஓட்டம். ஜேக்கப்ஸ் 9.80 வினாடியில் முடித்தார், அவரும் இத்தாலிக்காரர். ஓடுபாதையிலேயே தாம்பேரி போய்க் கட்டிக்கொண்டார். ஆபீசிலிருந்து போன் மேல் போன். காப்பியை, அதாவது எழுதிய செய்தியை, அனுப்பிவிட்டுக் கீழே இறங்கினால் உயரம் தாண்டியவர்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள்.

மறுநாள் ஹோட்டல் டிவியில்தான் அதைப் பார்த்தேன். 2.39இல் கடைசி முயற்சியும் தவறியதும் வூ எழுந்து நின்று, விறைப்பாக ஒரு சல்யூட் அடிக்கிறார். ராணுவ விளையாட்டுப் பிரிவைச் சேர்ந்தவர். 2.35 அன்று அவர் நாட்டுச் சாதனை. முகம் நிறையச் சிரிப்பு. நான் அதே மைதானத்தில்தான் இருந்தேன். குனிந்து தட்டச்சு செய்துகொண்டிருந்திருப்பேன். அந்தக் கேள்வியை நோட்டில் கோடு போட்டு அடித்துவிட்டேன், அவரிடம் கேட்காமல் போனதே நல்லது என்று.

* * *

அண்ணா, நீங்க கோட்டைவிட்ட கதை சொன்னீங்க. நான் டிவியில் பார்த்தவங்க நம்பாததை நேரில் பார்த்த கதை சொல்றேன். ரியோ, 2016 ஆகஸ்ட் 9. நான் நீச்சல், டைவிங் பக்கம். உள்ளே போனா டைவிங் குளம் பச்சை! பக்கத்துக் குளம் அன்னிக்கு நல்ல நீலம். முதல் நாள்வரைக்கும் இதுவும் நீலமாத்தான் இருந்தது. ஆபீஸ் டெஸ்க்கில் நான் அனுப்பின படத்தைப் பார்த்துட்டு “கலர் சரி பண்ணி அனுப்பு”ன்னாங்க. இல்லைங்க, தண்ணியே அந்தக் கலர்தான்னு சொல்லிப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆச்சு.

பக்கத்தில் நின்ன வயசான தன்னார்வலருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. ரெண்டு கையையும் நீட்டி ரெண்டு குளத்தையும் காட்டினார். தோளைக் குலுக்கினார். அப்புறம் ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். அந்தப் பயணத்தில் நான் எடுத்த சிறந்த பேட்டி அதுதான்!

அடுத்த நாள் பக்கத்துக் குளமும் பச்சை. டைவிங் எழுதப் போனவ நாலு நாள் வேதியியல் எழுதினேன். ஹைட்ரஜன் பெராக்சைடு 80 லிட்டரைத் தவறுதலாக் கலந்துட்டாங்க, அது குளோரினை முறிச்சிடுச்சு, பாசி வளர்ந்திடுச்சுன்னு கடைசியில் விளக்கம் வந்தது. இசைக்கு ஏத்தபடி சேர்ந்து ஆடுற கலைநீச்சலுக்கு நீருக்கடியில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாகணுமே, அதனால அது நடக்க வேண்டிய பக்கத்துக் குளத்தை மட்டும் காலி பண்ணி, சுமார் 37 லட்சம் லிட்டர் தண்ணியைப் பயிற்சிக் குளத்திலிருந்து மாத்தினாங்க.

புதுசா போறவங்களுக்கு ஒண்ணு: கழுத்தில் தொங்கும் அக்ரெடிடேஷன் கார்டை, அதான் அனுமதி அட்டையை, குளிக்கிற நேரம் தவிரக் கழட்டாதீங்க. ஒலிம்பிக்கில் பாஸ்போர்ட்டோட சேர்த்து அதுதான் விசா, பஸ் பாஸ், எல்லாமே. ஒரு நாள் ரூமில் வெச்சுட்டு வந்து வாசல்லயே நின்னேன். வேண்டாம் அந்தப் பொழப்பு.

* * *

நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஆபீசில் உட்கார்ந்து காப்பி வாங்குகிறவன். மேலே அண்ணன் சொன்ன போன் மேல் போன் போடும் ஜாதி.

எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். பத்திரிகைப் பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்பும் நேரம் நெருங்கினால் முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது. இவர் ஜெயித்தால் ஒரு காப்பி, அவர் ஜெயித்தால் ஒரு காப்பி என்று முதல் பத்தியை முன்கூட்டியே எழுதிவைத்துவிடுவோம். அந்த டோக்கியோ இரவிலும் பர்ஷிம் ஜெயித்ததற்கு ஒன்று, தாம்பேரி ஜெயித்ததற்கு ஒன்று தயாராக இருந்தது.

இரண்டு பேரும் ஜெயித்ததற்கு இல்லை. இரண்டையும் அழித்துவிட்டு, அண்ணா, உங்களை மாதிரி ஒரு ஆளுக்குத்தான் போன் போட்டோம்.