யாருக்கு எந்தப் பேப்பர்? வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

பேப்பர் ஏஜென்ட், சத்துவாச்சாரி:

விடியற்காலையில் கட்டைப் பிரித்து, இணைப்புகளைச் செருகி, லைன் வாரியாக அடுக்கும்போதே ஊரின் குணம் தெரிந்துவிடும். ஆசிரியர்களும் ஓய்வு பெற்ற அலுவலர்களும் இருக்கும் தெருவுக்குத் தினமணி, இந்து தமிழ். மார்க்கெட், டீக்கடை, சலூன் என்றால் தினத்தந்திதான் முதலில். என் லைனில் இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை.

இங்கிலாந்தில் தாளின் அளவை வைத்தே வாசகரைப் பிரித்தார்கள். சின்னத் தாளில் கொலை, நடிகர் நடிகையர், கால்பந்து. பெரிய தாளில் நாடாளுமன்றம், வெளிநாடு, தலையங்கம். 1969இல் பத்திரிகை அதிபர் ரூபர்ட் முர்டாக் வாங்கிச் சின்னத் தாளாக்கிய 'தி சன்' விற்பனையில் எல்லோரையும் முந்தியது. பிறகு 2004இல் 'தி டைம்ஸ்', 2018இல் 'கார்டியன்' என்று பெரிய தாள்களும் சுருங்கிவிட்டன. நம் ஊரில் அளவு யாரையும் பிரித்ததில்லை. 1934இல் வந்த தினமணியும் சரி, 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தந்தியும் சரி, அகலத் தாள்கள்தான். வித்தியாசம் நடையில். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியட்டும் என்று கொட்டை எழுத்துத் தலைப்பும் குட்டி வாக்கியமுமாக எழுதியது தந்தி.

அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குக் காட்டியவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய ஒரு பெரியவர். பள்ளிக்கூடப் படி ஏறாதவர். கன்னித்தீவுப் படத்தின் மேல் விரலை வைத்து, சிந்துபாத் பேசும் வரியை முணுமுணுத்தே தமிழ் படிக்கக் கற்றார். 1996இல் பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த மறுநாள், "முழு விவரம் எதில் இருக்கிறது தம்பி?" என்று கேட்டுத் தினமணியும் சேர்த்து வாங்கிப் போனார். பாலாற்றங்கரையில் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. இவரைப் போன்றவர்களை 'மட்டரக வாசகர்' என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

கல்லூரி ஆசிரியை, குடியாத்தம்:

அண்ணா, எங்கள் வீட்டிலும் இதே கதைதான், ஆனால் காது வழியாக. அம்மாவும் பெரியம்மாவும் பீடி சுற்றுவார்கள். மடியில் முறம், இலை, தூள். கண்ணை எடுக்க முடியாது. பள்ளிவிட்டு வந்ததும் நான்தான் பேப்பர் வாசிப்பேன். தலையங்கத்தை வாசித்தால் நாலு வரி தாண்டியும் வினைச்சொல் வராது. பெரியம்மா நூலைப் பல்லால் கடித்தபடி, "யார் என்ன செய்தான், அதை முதலில் சொல்லடி" என்பார். குட்டி வாக்கியம் மட்டும்தான் அந்த முறத்தைத் தாண்டி உள்ளே போகும். ஆனால் பீடிக் கூலி உயர்வு பற்றிய செய்தி என்றால் இதே பெரியம்மா எவ்வளவு நீளமாக இருந்தாலும் கேட்பார், சின்னதாகப் போட்டிருந்தால், "இவ்வளவுதானா?" என்று கோபப்படுவார். எளிமையாக எழுது என்றால் குறைத்து எழுது என்று பொருளில்லையே.

தோல் தொழிற்சாலைக் கணக்கர், ஆம்பூர்:

நீங்கள் இருவரும் நல்ல பக்கத்தைச் சொன்னீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெண் இறந்துபோனாள். மறுநாள் ஒரு பேப்பர் அவள் படத்தைப் போட்டு, 'கள்ளக்காதலா?' என்று தலைப்பு வைத்தது. அந்தக் கேள்விக்குறி ஒன்றுதான் அவர்களிடம் இருந்த ஆதாரம். டீக்கடையில் அந்தத் தாள் கை மாறிக்கொண்டே இருந்தது. கனமான பேப்பர்களோ ஒரு வரி கூடப் போடவில்லை. அவள் எப்படி இறந்தாள் என்று நிதானமாக விசாரித்து எழுத ஒருவரும் வரவில்லை. அதுவும் எனக்குக் குற்றமாகவே படுகிறது.

செவிலியர், லிவர்பூல் (சொந்த ஊர் காட்பாடி):

ஆம்பூர் அண்ணாவுக்கு இதைச் சொல்ல வேண்டும். 1989 ஏப்ரலில் ஷெபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் கால்பந்து அணி ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். நாலே நாளில் 'தி சன்' முதல் பக்கத்தில் 'உண்மை' என்று தலைப்பிட்டு, செத்தவர்களிடம் ரசிகர்களே திருடினார்கள் என்று பொய்யை அச்சிட்டது. ஊர் அந்தப் பேப்பரை ஒதுக்கிவிட்டது. 2012இல் விசாரணைக் குழு அறிக்கை வந்தபின் பேப்பர் மன்னிப்புக் கேட்டும் பலர் ஏற்கவில்லை. இன்றும் இங்கே பல கடைகளில் அது கிடையாது.

என் வார்டில் இருந்த துறைமுகத் தொழிலாளி ஒருவர் தினமும் 'டெய்லி மிரர்' கேட்பார். அதுவும் சின்னத் தாள்தான். அதே கொட்டை எழுத்து, அதே கால்பந்து. பெரிய பத்திரிகைக்கு மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொன்ன ஒன்றை மட்டும் வீட்டுக்குள் விடவில்லை. அண்ணா, உங்கள் தெருவில் யாராவது அந்தப் பேப்பரை நிறுத்தினார்களா?

தோல் தொழிற்சாலைக் கணக்கர், ஆம்பூர்:

சில வீடுகளில் நிறுத்தினார்கள் தங்கச்சி. டீக்கடைக்காரர் நிறுத்தவில்லை, காலை வியாபாரம் படுத்துவிடும் என்கிறார். அந்தப் பெண்ணின் தாயார் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். இன்றிரவு எழுதி, நாளை அவரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கப் போகிறேன்.