மிடி கன்ட்ரோலரை இணைத்து அமைத்த அனுபவங்கள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

திரியைத் தொடங்கியவர், ஈரோடு

அனைவருக்கும் வணக்கம். வீட்டிலேயே இசையமைக்கத் தொடங்கும் நண்பர்களுக்குக் மிடி கன்ட்ரோலர், அதாவது மிடி என்ற செய்தி முறையில் கணினியின் இசை மென்பொருளை இயக்கும் கட்டைக் கருவி, அமைத்துக் கொடுக்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கிறது. விளக்கு எரிகிறதே, ஒலி ஏன் வரவில்லை என்பதுதான் பெரும்பாலும் அவர்களுடைய முதல் கேள்வி. கன்ட்ரோலருக்குள் ஒலி எதுவும் இல்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது, எந்தக் குமிழ் எந்த அளவுக்குத் திருப்பப்பட்டது என்ற செய்தியை மட்டுமே அது கணினிக்கு அனுப்புகிறது. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால், சிக்கல் எங்கே இருக்கிறது என்று தேடுவது எளிதாகிவிடும்.

அண்மையில் 49 கட்டைகளும் எட்டுக் குமிழ்களும் கொண்ட ஒரு கன்ட்ரோலரை, ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருள் நிறுவப்பட்ட விண்டோஸ் மடிக்கணினியில் அமைத்தேன். யூஎஸ்பி கேபிளைச் செருகியதும் கணினி அதை அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் லைவ் மென்பொருளின் மிடி அமைப்புப் பக்கத்தில் அந்தக் கருவியின் போர்ட்டுக்கு (செய்தி வரும் வாயிலுக்கு) எதிரே டிராக், சிங்க், ரிமோட் எனத் தனித்தனிப் பொத்தான்கள் உள்ளன. கட்டைகள் ஒலிக்க டிராக் வேண்டும். குமிழ்களை மென்பொருளின் கட்டுப்பாடுகளோடு பிணைக்க ரிமோட் வேண்டும். கட்டைகள் வேலை செய்து குமிழ்கள் மட்டும் அசையாமல் இருந்தால், பெரும்பாலும் ரிமோட் அணைந்திருக்கும்.

அன்று அதையும் தாண்டி ஒரு தடை இருந்தது. கருவியின் அமைப்புகளை மாற்ற அதனோடு வந்த எடிட்டர் மென்பொருள் பின்னணியில் திறந்தே இருந்தது. விண்டோஸில் வழக்கமான மிடி டிரைவர்கள் (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் நிரல்கள்) பலவும் ஒரு போர்ட்டை ஒரே நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் கொடுக்கும். எடிட்டரை மூடி, லைவைத் திரும்பத் திறந்த பிறகே செய்திகள் வரத் தொடங்கின.

ஒலி வந்த பின், கட்டையை அழுத்துவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையிலான தாமதத்தைப் பார்க்க வேண்டும். இதைப் பலர் கன்ட்ரோலரின் குறை என்று எண்ணி, நல்ல கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதால்தான் சற்று அழுத்திச் சொல்கிறேன். தாமதத்தின் பெரும்பகுதி ஆடியோ அமைப்பிலிருந்து வருகிறது. 44,100 ஹெர்ட்ஸ் வேகத்தில், அதாவது நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலித் துணுக்கு) என்ற கணக்கில், கணினி சேர்த்து வைத்து அனுப்பும் பஃபர் அளவு 1024 சாம்பிள் என்றால் அது மட்டுமே சுமார் 23 மில்லிசெகண்ட். 128 என்று குறைத்தால் 2.9 மில்லிசெகண்ட். ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினியோடு இணைக்கும் ஒலிக்கருவி) தரும், தாமதம் குறைந்த ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுத்து, வாசிக்கும்போது பஃபரைக் குறைத்தும், மிக்ஸிங் (பதிந்த ஒலிகளைக் கலந்து சமன்செய்தல்) செய்யும்போது கூட்டியும் வைத்தால் கைக்கும் காதுக்கும் இடையிலான இடைவெளி மறைந்துவிடும்.

மிக்ஸிங் பொறியாளர், சென்னை

திரி தொடங்கிய நண்பருக்கு நன்றி. நான் ஃபேடர்களைப் பற்றி, அதாவது ஒலியளவை மாற்றும் நகர்த்துப் பிடிகளைப் பற்றி, எழுதுகிறேன்.

சாதாரண கன்ட்ரோலரின் ஃபேடர் 0 முதல் 127 வரை ஓர் எண்ணைத்தான் அனுப்புகிறது. மென்பொருளில் அந்த டிராக்கின் (தனியாகப் பதிந்த ஒலி வரிசையின்) ஒலியளவு இப்போது எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே வேறொரு பாட்டின் கோப்பைத் திறந்து ஃபேடரைத் தொட்டவுடன், மெல்ல ஒலித்துக்கொண்டிருந்த டிராக் திடீரென்று உச்சத்துக்குத் தாவலாம். ஹெட்ஃபோன் அணிந்திருப்பவரின் காதுக்கு இது தீங்கு. லைவில் டேக்ஓவர் மோடு என்ற அமைப்பைப் பிக்கப் என்று மாற்றினால், ஃபேடர் மென்பொருளின் அளவைக் கடந்து செல்லும் வரை எதுவும் நகராது. இதை முதல் நாளே செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மோட்டார் ஃபேடர் கொண்ட கருவிகளில் இந்தச் சிக்கல் இல்லை. மென்பொருளே ஃபேடரை உரிய இடத்துக்கு நகர்த்திவிடும். ஆனால் அவற்றுள் பல பயன்படுத்தும் மேக்கி கன்ட்ரோல் என்ற செய்தி முறை, ஃபேடரின் நிலையைப் பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும்) செய்தியாக அனுப்புகிறது. எங்கள் ஸ்டுடியோவில் ஒரு முறை ஃபேடரை உயர்த்தும்போதெல்லாம் சிந்தசைசரின் சுருதியும் சேர்ந்து விலகியது. அந்தப் போர்ட்டில் டிராக் பொத்தானும் இயக்கத்தில் இருந்ததால், ஒலியளவுக்கான செய்தியை வாத்தியம் சுருதி வளைவாக எடுத்துக்கொண்டது என்பதே காரணம். டிராக் பொத்தானை அணைத்து, அந்தக் கருவியைக் கன்ட்ரோல் சர்ஃபேஸ் (கட்டுப்பாட்டுக் கருவிகள்) பட்டியலில் மட்டும் வைத்ததும் சரியானது.

கீபோர்டு கலைஞர், மதுரை

கர்நாடக இசையைக் கன்ட்ரோலரில் வாசிக்க விரும்புவோருக்காக என் அனுபவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பெரும்பாலான மென்பொருள் வாத்தியங்களில் பிட்ச் பெண்ட் சக்கரத்தின் எல்லை மேலும் கீழும் இரண்டு செமிடோன் (ஒரு செமிடோன் என்பது அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி) என்றே அமைந்திருக்கும். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசையும் அந்தக் கமகத்துக்குக் காந்தாரக் கட்டையில் விரலை வைத்தால், இரண்டு பக்கமும் இரண்டு செமிடோன் மிகச் சரியாகப் போதும். ஆனால் பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு ஜாருவாக (வழுக்கும் கமகமாக) செல்ல ஐந்து செமிடோன் வேண்டும். எல்லையைப் பன்னிரண்டாக்கிவிட்டால் எல்லாம் கிடைக்கும் என்று தோன்றும். அப்போது சக்கரத்தின் சிறு அசைவே பெரிய தாவலாகி, கம்பிதத்தின் (சுரத்தை அசைக்கும் கமகத்தின்) நுட்பம் கைநழுவிப் போகும். ஐந்தில் வைத்துப் பழகுவதே எனக்கு நிறைவைத் தந்திருக்கிறது.

பிட்ச் பெண்ட் செய்தியில் 16,384 படிகளுக்கு இடமுண்டு. ஆனால் சில கருவிகளின் சக்கரம் 128 படிகளையே அனுப்புகிறது. பன்னிரண்டு செமிடோன் எல்லையில் ஒரு படி ஏறத்தாழ 19 சென்ட் (செமிடோனின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஆகிறது. ஜாரு வழுக்கிச் செல்லாமல் படிக்கட்டில் இறங்குவதைப் போல் கேட்கும். வாங்கும் முன் வரும் செய்திகளைக் காட்டும் ஒரு மிடி மானிட்டர் மென்பொருளில் சக்கரத்தை மெல்ல நகர்த்தி, எண்கள் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பது நல்லது.

இன்னொன்று, பிட்ச் பெண்ட் என்பது அந்த மிடி சானலில் (செய்தி செல்லும் தடத்தில்) ஒலிக்கும் எல்லாச் சுரங்களுக்கும் பொது. இடக்கையால் ஷட்ஜத்தைச் சுருதியாகப் பிடித்துக்கொண்டு வலக்கையில் கமகம் கொடுத்தால் சுருதியும் சேர்ந்து ஆடும். சுருதியைத் தனி டிராக்கில் பதிவுசெய்து வைப்பது எளிய வழி. ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சானல் ஒதுக்கும் எம்பிஈ முறை 2018-இல் மிடி தரத்தில் சேர்ந்தது. அதை ஏற்கும் கன்ட்ரோலரும் மென்பொருளும் இருந்தால் ஒவ்வொரு விரலும் தனித்தனியே வளையும். அம்முறையில் எல்லை பொதுவாக 48 செமிடோன். வாத்திய மென்பொருளிலும் அதே எண் இல்லையென்றால் சுரங்கள் தாறுமாறாக ஒலிக்கும். கட்டைகளே இல்லாத ஹாகன் கன்டினியூம் என்ற தொடுபரப்புக் கருவியை ஏ.ஆர். ரஹ்மான் மேடையில் வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு, விரல் வழுக்கிச் செல்லும் வாசிப்பு நம் இசைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பது தெரியும்.

இசை ஆசிரியர், யாழ்ப்பாணம்

மாணவர்களிடம் நான் அதிகம் காண்பது சஸ்டெய்ன் பெடல் (ஒலியை நீட்டும் மிதி) தலைகீழாக வேலை செய்வது. மிதித்தால் ஒலி நிற்கும், காலை எடுத்தால் நீளும். பல கன்ட்ரோலர்கள் மின்சாரம் பெறும் கணத்தில் பெடலின் நிலையைப் பார்த்து, அதையே மிதிக்காத நிலை என்று எடுத்துக்கொள்கின்றன. எனவே பெடலை முதலில் செருகி, காலை அதன்மேல் வைக்காமல், பிறகு யூஎஸ்பி கேபிளை இணைக்க வேண்டும். அப்போதும் சரியாகாவிட்டால் கருவியின் அமைப்பிலோ பெடலின் அடியிலோ போலாரிட்டி சுவிட்ச் (நிலையைத் தலைகீழாக்கும் பொத்தான்) இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய சிந்தசைசரையே கன்ட்ரோலராகப் பயன்படுத்துவோருக்கு ஒரு சொல்: லோக்கல் கன்ட்ரோலை (கட்டைகளைக் கருவியின் சொந்த ஒலியோடு இணைக்கும் அமைப்பை) அணைத்து வையுங்கள். இல்லையென்றால் கட்டையை அழுத்தும்போது கருவி ஒரு முறையும், கணினி திருப்பி அனுப்பும் செய்தியால் மறு முறையும் ஒலிக்கும்.