தன்னிச்சை எரிதல்: மெயின் கப்பல் கட்டுரைக்கு வேறு சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் போர்க்கப்பல் மெயின் பற்றிக் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். (மெயின் என்பது அந்நாட்டு மாநிலம் ஒன்றின் பெயர், நம் ஊர் மெயின் ரோட்டோடு அதற்கு உறவில்லை.) கட்டுரை ஏறக்குறைய முடிந்துவிட்டது, ஒரே ஒரு சொல்லில்தான் மூன்று நாளாகத் தேங்கி நிற்கிறேன்.

1898 பிப்ரவரி 15 அன்று இரவு 9.40 மணியளவில், ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் நின்றிருந்த அந்தக் கப்பலின் முன்பகுதி வெடித்துச் சிதறியது; 260-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கப்பல் தலைவர் சிக்ஸ்பீ அன்றிரவே அனுப்பிய தந்தியில், மேலும் விவரம் வரும்வரை மக்கள் எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பத்திரிகைகள் அதுவரை பொறுக்கவில்லை. பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டின் நியூயார்க் ஜர்னல், குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பவருக்கு 50,000 டாலர் பரிசு என்று முதல் பக்கத்தில் அறிவித்தது. மார்ச்சில் சாம்ப்சன் தலைமையிலான அமெரிக்கக் கடற்படை விசாரணை மன்றம், கப்பலுக்கு அடியில் கண்ணிவெடி வெடித்ததே காரணம் என்றது. வைத்தவர் யார் என்று அது சொல்லவில்லை, ஆனாலும் ஏப்ரலில் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் வந்துவிட்டது.

என் சிக்கல் 1976-இல் தொடங்குகிறது. அமெரிக்கக் கடற்படையின் அட்மிரல் ரிக்கோவர் அந்த ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஏ-16 என்ற நிலக்கரி அறையில் கரி தானாகவே சூடாகி, அடுத்திருந்த 6 அங்குலப் பீரங்கிகளின் வெடிமருந்தறையைப் பற்றவைத்திருக்க வேண்டும் என்ற விளக்கத்தை முன்வைத்தார். இந்த நிகழ்வைத் ‘தன்னிச்சை எரிதல்’ என்று எழுதினேன். பள்ளி வேதியியலில் தன்னிச்சை வினை, தன்னிச்சைச் செயல்முறை என்று படித்த பழக்கம்தான் காரணம். எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்தபோது உறுத்தியது. இச்சை என்பது விருப்பம். விருப்பத்தோடு எவரேனும் செய்த நாசவேலையா என்பதே 70 ஆண்டுகளுக்கு மேல் விவாதமாக இருந்த ஒரு வழக்கில், கரிக்கு இச்சை கற்பிப்பது வேடிக்கையாக இருக்கிறது. ‘தன்னழற்சி’ என்று வைக்கலாமென்றால், அழற்சியை மருத்துவர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

எனவே ‘தன்சூட்டெரிவு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். தன் சூட்டிலேயே எரிவது என்று காரணத்தைச் சொல்லிவிடுகிறது. ஏதோ மாயம்போலத் தானே பற்றிக்கொண்டது என்ற மயக்கமும் இல்லை. கட்டுரையில் இப்படி வரும்: “கண்ணிவெடியா, தன்சூட்டெரிவால் நேர்ந்த உள்வெடிப்பா என்பது இன்றும் தீராத வினா.” உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

*

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பல ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் இயந்திரப் பொறியாளராக இருந்தவன். ‘தன்னிச்சை’ வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் தங்கள் சொல்லில் ‘எரிவு’ இடறுகிறது.

நிலக்கரி ஏற்றிய கப்பலில் நாங்கள் முதலில் தேடுவது நெருப்பை அன்று. கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறிஞ்சும்போது சூடு பிறக்கும். காற்று நன்றாக வீசினால் சூடு வெளியேறிவிடும். காற்றே இல்லையென்றால் சூடு பிறக்காது. சூட்டைப் பிறப்பிக்கப் போதுமான, ஆனால் ஆற்றப் போதாத அளவில் காற்று புகும்போதுதான் ஆபத்து. ஈர வைக்கோலைப் போர் போட்டுவிட்டுச் சில நாள் கழித்து உள்ளே கையை விட்டவர்களுக்கு இது புரியும். ஆகவே குழாய் வழியாக வெப்பமானியை இறக்கிப் பார்ப்போம், கார்பன் மோனாக்சைடு ஏறுகிறதா என்று நாள்தோறும் அளப்போம். அளவு ஏறிக்கொண்டிருக்கும் பல நாள்களில் ஒரு பொறிகூடக் கண்ணில் படாது. அந்த நிலையை ‘எரிவு’ என்று பதிவேட்டில் எழுதினால் கப்பல் தலைவர் அலறிவிடுவார்.

மெயின் கப்பலிலும் இதே வேறுபாடு முக்கியமானது. அதில் இருந்தது பிட்டுமினஸ் கரி; எளிதில் சூடேறும் இனம். கரி அறைக்கும் வெடிமருந்தறைக்கும் இடையில் இருந்தது ஓர் இரும்புத் தடுப்புச் சுவர்தான் (நாங்கள் பல்க்ஹெட் என்றே சொல்வோம், தமிழில் எழுதும்போதுதான் தடுப்புச் சுவர்). உள்ளே கரி கனன்று சுவர் சூடானால் போதும். சுடர் சுவரைத் தாண்ட வேண்டியதில்லை. அதே காலத்தில் நியூயார்க், சின்சினாட்டி என்ற போர்க்கப்பல்களிலும் கரி அறைத் தீ வெடிமருந்தறைக்கு ஆபத்தாகும் அளவுக்குப் போய்த் தப்பியது. ஆகவே சொல் இரண்டு வேண்டும்: சூடு பெருகும் நிலைக்குத் ‘தன்சூடேறல்’, அதன் முடிவில் பற்றிக்கொள்வதற்குத் ‘தன்சூட்டுத் தீ’.

இன்னொன்று, இதைவிடப் பெரிய குறை. ‘உள்வெடிப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். கலைச்சொல் தொகுப்புகளில் அது, ஒரு கலன் வெளியழுத்தம் தாங்காமல் உள்நோக்கி நொறுங்குவதைக் குறிக்கும். வேறு கட்டுரையாக இருந்தால் பெரிதுபடுத்தியிருக்க மாட்டேன். மெயின் வழக்கின் முதன்மைச் சான்றே தகடுகள் எந்தப் பக்கம் வளைந்தன என்பதுதானே? அடித்தகடுகள் உள்நோக்கி வளைந்திருப்பதையும் கப்பலின் முதுகெலும்பான அடிக்கட்டை தலைகீழ் ‘வி’ வடிவில் மடிந்து மேலெழும்பியிருப்பதையும் காட்டித்தான் சாம்ப்சன் மன்றம், வெடி வெளியிலிருந்து வந்தது என்றது. தகடு உள்நோக்கிப் போனால் வெடி வெளியே. வெடி உள்ளே என்றால் நாம் ‘உள்வெடிப்பு’ என்கிறோம். அந்தச் சொல்லோ உள்நோக்கி நொறுங்குவதைக் குறிக்கிறது. வாசிப்பவர் எந்தப் பக்கம் நிற்பார்?

*

ஐயா,

தாங்கள் சொன்னதைப் படித்துவிட்டு என் வரைவைத் திறந்தேன். ‘உள்வெடிப்பு’ ஏழு இடங்களில் இருந்தது. ஸ்பெயின் தரப்பு விசாரணையைச் சொல்லும் பத்தியில் அது முழுக் குழப்பமாகவே முடிந்திருந்தது. நீர்த்தூண் எழவில்லை, துறைமுகத்தில் மீன்கள் செத்து மிதக்கவில்லை, கண்ணிவெடியை வெடிக்கவைக்கும் மின்கம்பி எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே கண்ணிவெடியன்று என்பது அவர்கள் வாதம். அதன் முடிவில் “உள்வெடிப்பே” என்று நான் எழுதியிருந்தது, அவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் வாயில் திணிக்கிறது.

‘முதல்’ என்ற சொல்லுக்குக் காரணம், தொடக்கம் என்ற பொருள்கள் உண்டல்லவா? அதைக் கொண்டு ‘அகமுதல் வெடிப்பு’, ‘புறமுதல் வெடிப்பு’ என்று அமைத்துப் பார்த்தேன். வெடி தொடங்கிய இடத்தை மட்டும் சொல்கின்றன. தகடு வளைந்த திசையையும் சொல்லவில்லை, செய்தவர் உண்டா இல்லையா என்றும் சொல்லவில்லை. 1911-இல் கப்பலைச் சுற்றித் தடுப்பணை கட்டி நீரை இறைத்துப் பார்த்த குழு, புறமுதல் என்பதை ஏற்றுக்கொண்டே இடத்தை மட்டும் மாற்றியதையும் இப்போது ஒரே வரியில் எழுத முடிகிறது. அந்தச் சிதைவை 1912 மார்ச் 16 அன்று ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்று மூழ்கடித்துவிட்டார்கள்.

‘தன்சூடேறல்’, ‘தன்சூட்டுத் தீ’ இரண்டையும் அப்படியே ஏற்கிறேன். முன் மடலில் கொடுத்த வாக்கியம் இப்போது இது: “கண்ணிவெடியால் நேர்ந்த புறமுதல் வெடிப்பா, ஏ-16 அறைக் கரியின் தன்சூடேறலால் நேர்ந்த அகமுதல் வெடிப்பா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை.” மறுப்பு எவருக்கேனும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிவியுங்கள், அன்று மாலை கட்டுரையைப் பதிவேற்றிவிடுவேன்.