ஒன்பது மூட்டையை வைத்து இருநூறு மூட்டையைச் சொல்ல முடியுமா?

நீடாமங்கலம் மாணவி:
சம்பா அறுத்து 200 மூட்டை பிடித்து அடுக்கியிருக்கிறோம். கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்பது மூட்டையில் கைப்பிடி நெல் எடுத்து மீட்டரில் போட்டேன். சராசரி 17.6, திட்ட விலக்கம் 0.9. நெல் உண்மையிலேயே 17-ஐத் தாண்டிவிட்டதா, இல்லை நான் எடுத்த மூட்டைகள் அப்படி அமைந்துவிட்டதா? நாளைக்கு வண்டி பிடிக்கட்டுமா என்று அப்பா கேட்கிறார்.

கும்பகோணம் ஆசிரியர்:
முதலில் மாதிரிப் பரவலை, அதாவது ஒவ்வொரு தடவை மாதிரி எடுக்கும்போதும் சராசரி எப்படி மாறும் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா. தனி மூட்டை 0.9 அளவில் முன்னே பின்னே இருக்கும். ஒன்பது மூட்டையின் சராசரி அவ்வளவு ஆடாது. வகுப்பில் 200 சீட்டில் ஈரப்பதத்தை எழுதி ஒரு குடத்தில் போட்டு, ஒன்பது ஒன்பதாக எடுத்துச் சராசரி போட்டுவிட்டுத் திரும்பப் போடச் சொல்வேன். நாற்பது தடவைக்குள் கரும்பலகையில் சராசரிகள் நடுவில் குவிவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்தக் குவியலின் அகலம்தான் திட்டப் பிழை: 0.9-ஐ 9-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.3. நீங்கள் 17-லிருந்து 0.6 தள்ளி, அதாவது இரண்டு திட்டப் பிழை தள்ளி நிற்கிறீர்கள். சின்ன மாதிரிகளுக்கான டி அட்டவணையில் 9-இல் ஒன்று போக 8-ஆவது வரிசை, ஒருபக்க 5 சதவீத எல்லை 1.860. அதாவது சராசரி உண்மையில் 17 என்றால், அத்தனை திட்டப் பிழைக்கு மேல் தள்ளிப் போவது நூற்றில் ஐந்து தடவைதான். உங்கள் 2 அதைத் தாண்டிவிட்டது. இன்னொரு நாள் காய வையுங்கள்.

மயிலாடுதுறை நண்பர்:
மேலே, கீழே இரண்டையும் பார்க்கும் இருபக்க எல்லை 2.306. அதைத் தாண்டவில்லையே. பக்கத்தை மாற்றி முடிவை வளைக்கிறீர்கள் சார்.

கும்பகோணம் ஆசிரியர்:
எண்ணைப் பார்த்த பிறகு பக்கத்தைத் தேர்ந்தால் தப்புதான். இங்கே விதியே ஒரு பக்கம்தான் பேசுகிறது. 15 இருந்தால் ஈரம் என்று யாரும் திருப்பி அனுப்பப் போவதில்லை. அப்புறம், 2.306-ஐ எடுத்தாலும் ‘சராசரி 17 என்பதை மறுக்க முடியவில்லை’ என்றுதான் ஆகும், ‘நெல் காய்ந்துவிட்டது’ என்று ஆகாது.

நீடாமங்கலம் மாணவி:
பி மதிப்பு 0.04 வந்தது. அப்படியென்றால் நெல் ஈரம் என்பது 96 சதவீதம் உறுதியா சார்?

கும்பகோணம் ஆசிரியர்:
இல்லை. பலர் தடுக்கி விழும் இடம் இது. சராசரி சரியாக 17 என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதேபோல் நூறு தடவை ஒன்பது மூட்டை எடுத்தால், இவ்வளவு தள்ளியோ இன்னும் தள்ளியோ மேலே வருவது சுமார் நாலு தடவை. நெல் ஈரமா இல்லையா என்பதன் வாய்ப்பை அது சொல்லவே இல்லை.

திருத்துறைப்பூண்டி விவசாயி:
நானும் வேளாண்மைப் பட்டப்படிப்பில் இதெல்லாம் எழுதியவன்தான். ஒன்பது மூட்டை போதாது என்பது என் கட்சி. அதைவிட, எந்த ஒன்பது? இந்தப் பனியில் மேல் வரிசைச் சாக்கு காலையில் தொட்டாலே சில்லென்று இருக்கும். தங்கச்சி, எங்கே எடுத்தீர்கள்?

கும்பகோணம் ஆசிரியர்:
ஒன்பது என்பதற்காகத் தள்ளாதீர்கள் ஐயா. கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த காசெட், 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் இந்த முறையைக் கொடுத்ததே சின்ன மாதிரிகளுக்காகத்தான்.

நீடாமங்கலம் மாணவி:
ஒன்பதும் மேல் வரிசை. காலை ஆறு மணிக்கு எடுத்தேன்.

கும்பகோணம் ஆசிரியர்:
சரி, அப்படியானால் என் 0.3 அந்த மேல் வரிசைக்கு மட்டும்தான் பேசும். சீட்டுக் குலுக்கி எடுத்தால்தான் அந்த அட்டவணை பொருந்தும். இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

திருத்துறைப்பூண்டி விவசாயி:
5 சதவீதத்தையும் நான் வேதமாக எடுக்க மாட்டேன். வீணாகக் காய வைத்தால் ஒரு நாள் கூலி. ஈரத்தோடு போய்த் திரும்பினால் இரண்டு தடவை வண்டி வாடகை. எந்தத் தப்புக்கு விலை அதிகமோ அதைப் பார்த்துத்தான் எல்லை போட வேண்டும்.

கும்பகோணம் ஆசிரியர்:
போடலாம், ஆனால் மீட்டரைத் தொடுவதற்கு முன்னால் போட வேண்டும்.

நீடாமங்கலம் மாணவி:
எல்லை 5-க்குப் பதில் 10 சதவீதம் என்று எழுதி வைத்துவிட்டேன். வெயில் ஏறியதும் 25 மூட்டை குலுக்கி எடுக்கிறேன். அப்பா கரித்துண்டால் ஒன்றிலிருந்து எண் போட ஆரம்பித்துவிட்டார்; அடிவரிசைக்காக அடுக்கைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.